பெயர் மாறிய படம்

அடியே,

கிழித்துப் போடுவதற்கு முன்னால் இந்த ஒரு பக்கத்தை மட்டும் படித்துவிடு.

நம் குழுவின் பழைய படங்களை இன்று மாலை ஐந்து மணிக்குக் கண்காட்சியாகத் திறக்கிறோம். நீ வரைந்த மழைநாள் பேருந்து நிறுத்தமும் இருக்கிறது. முதல் கண்காட்சியில் அதன் கீழே தவறுதலாக என் பெயரை ஒட்டிவிட்டார்கள். எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். அப்போது எனக்கு… சரி, அதை விடு.

இன்று காலை படங்களை மாட்டும்போது நம் சிற்பி, "இது உன்னோடதுதானே? நடுச் சுவர்ல மாட்டிடலாமா?" என்று கேட்டான்.

"இல்லடா, அது அவளோடது. ஏழு வருஷமா வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன்" என்றேன்.

சுத்தியல் சத்தம் நின்றுபோனது. உன் பெயரை நானே எழுதி ஒட்டினேன். மூன்று அட்டை வீணானது.

மணி மூன்றாகிவிட்டது. வந்தால் என்ன சொல்வாயோ என்று பயம். வராமலே இருந்துவிடுவாயோ என்று அதைவிடப் பயம். என்னோடு பேச வேண்டாம். உன் படத்தின் பக்கத்தில் வந்து நில், போதும்.

இதைக் கொண்டுவரும் நம் போட்டோக்காரன் உன் வாசலிலேயே காத்திருப்பான். அவனிடம் இன்னொரு ஹெல்மெட்டும் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

உன் பழைய அறைத்தோழி