கம்பில் கட்டிய கத்தரி

ஸமீனாட வாப்பாவுக்கு,

நான் கிண்ணியாவுக்கு, தங்கச்சி வீட்டுக்குப் போறன். சோறும் மீனாணமும் குசினியில் மூடி இருக்கு.

வீட்டுத்தோட்டப் போட்டி பார்க்க வாற துரைமார் கண்ணுக்கு நிமிர்ந்து நிக்கட்டும் என்று, வாடின கத்தரியை எல்லாம் கம்பில் கட்டியிருக்கிறீங்க. ஒரு தண்டை வெட்டித் தண்ணிக் கிளாசில் வைத்துப் பார்த்தன். பால் போல நூல் நூலாக வழியுது. இது மண்ணிலிருந்து ஏறுற வாடல். உங்கட உரத்துக்கும் பிரசங்கத்துக்கும் அடங்காது.

அவங்க வர முதல் வேரோட பிடுங்கி எரிச்சிடுங்க. மண்வெட்டியைக் கழுவாமல் மிளகாய்ப் பாத்திக்குள் இறங்காதீங்க. அதுவும் செத்தால் வருஷம் முழுக்க உறைப்பில்லாத கறிதான்.

வெறும் பாத்திக்கு வெட்கப்படாதீங்க. கிளாசைக் காட்டி, நோயைக் கண்டுபிடிச்சது நீங்கள்தான் என்று சொல்லுங்க.

ஸுல்பிகா

பி.கு: நேற்று "உனக்கென்ன தெரியும்" என்று நீங்க என்னைக் கேட்டதை நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்.