முட்டுச்சுவரும் உன் ஜெபமாலையும்

அன்பு மச்சான் ஆரோக்கியம்,

நீ போய்ச் சேர்ந்த இடத்தில் வாசல் எப்படி? மேலே வளைவு இருந்தால் முதலில் பக்கச் சுவரைத்தான் பார்த்திருப்பாய். கட்டட வரைபடம் போட்டே காலம் தள்ளியவன் நீ. இங்கே தாம்பரத்தில் உன் வேலையை இப்போது நான் பார்க்கிறேன், உன் மூளை இல்லாமல்.

விஷயம் இதுதான். நம் மாதா கோயில் வாசலை அகலப்படுத்தப் போகிறார்களாம். உயரமான பழைய செங்கல் வளைவை இடித்துவிட்டு, அதே செங்கல்லில் அகலமாய், தாழ்வாய்ப் புதுசு. அது போதாதென்று வளைவை இரண்டு பக்கமும் தாங்கி நிற்கும் முட்டுச்சுவரையும் எடுத்துவிட்டு டூவீலர் பார்க்கிங். அடுத்த மாதம் உன் மகள் ஜெனிபர் கல்யாணக் கோலத்தில் அதன் கீழேதான் நுழைய வேண்டும். நான் சும்மா இருப்பேனா?

எனக்கு யார் மேல்தான் சந்தேகமில்லை? உன் தங்கை போடும் காபியிலேயே சிக்கரி தேடுகிறவன். ஆனாலும் இதைச் சொல்லும்போது கோயில் கமிட்டிச் செயலாளர் சிரித்த சிரிப்பு சரியில்லை. கான்ட்ராக்டர் அவருக்குச் சகலை என்று பாடகர் குழுவில் பேச்சு. கான்ட்ராக்டருக்கு இவ்வளவு முட்டுக் கொடுக்கிற மனிதர், வளைவுக்கு மட்டும் முட்டு வேண்டாம் என்கிறாரே!

"வளைவுக்கு நடுக்கல்ல ஸ்ட்ராங்கா வெச்சுர்றேன் சார். சைடு சொவரு சும்மா ஷோவுக்கு" என்றார் மேஸ்திரி.

அப்போதுதான் உன் ஞாபகம் வந்தது. பூசை நேரத்தில் ஜெபமாலையை இரண்டு கைக்கும் நடுவில் தொங்கவிட்டு உற்றுப் பார்ப்பாயே. என்ன பக்தி என்று சாமியார் பிரசங்கத்திலேயே பாராட்டினார். நீ என் காதில் சொன்னதோ வேறு. "தொங்குற சங்கிலிய அப்படியே தலைகீழா நிறுத்து மச்சான், அதான் நல்ல வளைவு. அதையே பம்பரமா சுத்தினா குவிமாடம்." நீ எப்போதாவது ஜெபித்தாயா?

உன் ஜெபமாலையோடு, அவர்கள் இருவரும் நின்ற வாசலுக்குப் போனேன். ஒரு முனை எனக்கு, ஒரு முனை செயலாளருக்கு. ஆழமாகத் தொங்கியபோது இழுப்பு கைக்குத் தெரியவேயில்லை. நாங்கள் விலக விலக, கையை உள்ளே இழுத்தது.

"தலைகீழா நினைச்சுப் பாருங்க சார். சங்கிலி உள்ள இழுக்குது, வளைவு வெளிய தள்ளும். தாழ்வா இருந்தா இன்னும் ஜாஸ்தி தள்ளும். தாங்கிப் பிடிக்க சுவர் வேணாமா?"

"இதெல்லாம் ஒரு விஷயமா? நேராவே பிடிச்சுக் காட்டறேன்" என்று செயலாளர் இழுத்தார். அறுந்தது. மணிகள் தரையெல்லாம் ஓடின.

மேஸ்திரி குனிந்து பொறுக்கியபடியே, "சார், சொவரு இருக்கட்டும் சார்" என்றார்.

"இன்ஜினியர் யாரையாவது கூப்பிட்டுப் பார்ப்போம்" என்றார் செயலாளர், முகம் வெளுத்து.

"அவரும் சகலையா?" என்றேன்.

இப்போதைக்கு எல்லாம் அப்படியே நிற்கிறது. முட்டுச்சுவரில் என் ஸ்கூட்டர் சாய்ந்திருக்கிறது, ஸ்கூட்டரில் நான். ஜெனிபர் வந்து, "மாமா, கல்யாணத்துக்காவது இங்கேருந்து எழுந்திருப்பீங்களா?" என்றாள். சிரித்தாள். பிறகு, "அப்பா இருந்தா இதே மாதிரிதான் மானத்த வாங்கியிருப்பாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒரு மணி மட்டும் கிடைக்கவில்லை. மேஸ்திரி பாக்கெட்டில் இருக்குமோ? எப்படியும் தேடி எடுத்து, மாலையைக் கோர்த்து அவள் கையில் கொடுப்பேன். எந்த வளைவானாலும் சரி, முதலில் நான் நுழைந்து, மேலேயும் பக்கத்திலும் பார்த்த பிறகுதான் உன் மகளை உள்ளே அழைப்பேன்.

உன் தங்கை வீட்டுக்காரன்,
இப்போதைக்கு உன் மகளுக்கு முட்டுச்சுவர்,
சூசை