வினியானா பதில் சொல்லாத கேள்விகள்

சவுசவு, ஃபிஜி
ஜூன் 11, வியாழன்

அன்பு மகள் கெலேராவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் கடவுள் தயவில் நடமாட்டத்தோடு இருக்கிறோம், அம்மாவின் முழங்கால் மட்டும் மழை வருவதை ரேடியோவுக்கு முன்னால் சொல்லிவிடுகிறது. நீயும் மாப்பிள்ளை வைசாகேயும் குழந்தை வினியானாவும் ஆஸ்திரேலியாவில் அந்த டுவூம்பா குளிரில் எப்படி இருக்கிறீர்கள் என்பதுதான் காலையில் எழுந்ததும் எங்கள் முதல் பேச்சு. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அழுதாய், நான் சத்தம் போட்டேன், அம்மா போனைப் பிடுங்கினாள், கடைசியில் யாரும் யாருக்கும் எதையும் சொல்லி முடிக்கவில்லை. சனிக்கிழமை அபெனிசா சித்தப்பா பிரிஸ்பேனுக்குப் புறப்படுகிறார், அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். இரண்டு தடவை படி, ஒரு தடவை மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு. இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. உன் தம்பி தனியேலா படகு இன்ஜினைப் பிரித்துப் போட்டு எட்டு நாளாகிறது, திரும்பப் பூட்டியபோது மூன்று திருகு மிச்சமாம். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இன்ஜின் இப்போது கனம் குறைந்திருக்கிறது என்கிறான்.

நீ அழுகையின் நடுவே சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவு. வினியானா பள்ளியில் சேர்ந்து ஐந்து மாதமாகிறது, டீச்சர் எதைக் கேட்டாலும் பதில் சொல்வதில்லை, சும்மா முகத்தைப் பார்க்கிறாள் என்று அறிக்கை வந்திருக்கிறது. அடுத்த வருடமும் அதே வகுப்பில் உட்கார வைக்கலாமா, டாக்டரிடம் காட்டலாமா என்று பேச உங்களை வருகிற செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். புதன்கிழமை காப்பிக் கூட்டத்தில் ஒரு பெண் வீட்டில் இரண்டு மொழி பேசுவதால்தான் பிள்ளை குழம்புகிறது, இங்கிலீஷ் மட்டும் பேசு என்றாளாம். நீயும் இனி பிள்ளையோடு நம் ஃபிஜிப் பேச்சைப் பேசப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்டாய். சரிதானே?

முதலில் அந்தக் காப்பிக் கூட்டத்தைப் பற்றி எனக்கு நிறையத் தெரிய வேண்டும். முன்பின் தெரியாத அம்மாக்களும் அப்பாக்களும் வட்டமாக உட்கார்ந்து என் பிள்ளை சாப்பிடவில்லை, என் பிள்ளை தூங்கவில்லை என்று சொல்வார்கள் என்கிறாயே, யார் முதலில் வாயைத் திறப்பது? சொன்ன பிறகு வெட்கமாக இருக்காதா? நீ மரவள்ளிக்கிழங்கு ஏதாவது அவித்து எடுத்துப் போகிறாயா, இல்லை வெறுங்கையோடு போய் உட்காருகிறாயா? அப்பாக்களும் வருகிறார்கள் என்றாயே, வேலைக்குப் போகாத அப்பாக்களா? கேலி செய்யவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். ஏனென்றால் திங்கட்கிழமை நானே அப்படி ஒரு கூட்டம் நடத்திப் பார்த்தேன்.

இடித்துக் கரைத்துக் குடிக்கிற கவா வேரை விற்க வந்து எடை போடக் காத்திருக்கிறவர்கள் நம் கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பது உனக்குத் தெரியும். தராசை நிறுத்திவிட்டு, தெரிந்த ஒருவர் வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளை பேசமாட்டேன் என்கிறது, என்ன செய்யலாம் என்று பொதுவாகக் கேட்டேன். நம் செடாரெகி மச்சான் உடனே, “தெரிஞ்சவராம்ல! உன் பேத்திதானே? அந்த வீட்டுக்கு உள்ள பேச்சையெல்லாம் நீ ஒருத்தனே பேசித் தீர்த்துட்டே மச்சான், பிள்ளைக்கு எங்கே மிச்சம் இருக்கு” என்றான். ஏழு பிள்ளை பெற்ற மகரிதா அவனை வாயை மூடச் சொல்லிவிட்டு என்னிடம், “கவலைப்படாதீங்கண்ணே, எங்க மூணாவது பொண்ணு ஆறு வயசு வரைக்கும் பன்னிக்குட்டிகிட்ட மட்டும்தான் பேசும். இப்ப லம்பாசா ஆஸ்பத்திரியில நர்ஸு. கொஞ்சம் வாயை மூடு தாயின்னு நோயாளிங்க கெஞ்சுறாங்க” என்றாள். ஒருவன் தேன் தடவு என்றான், இன்னொருத்தி மாப்பிள்ளை வீட்டு வழியில் யாராவது ஊமை உண்டா என்று கேட்டாள், அதை வைசாகேக்குப் படித்துக் காட்டாதே. மொத்தத்தில் ஆறுதல் நிறையக் கிடைத்தது, உபயோகமாக ஒன்றும் இல்லை.

அப்போதுதான் பக்கத்துத் தையல்கடை முனிரத்தினம் அண்ணன் ஊசியில் நூல் கோத்தபடி வந்து நின்றார். “எங்க தம்பி மக மெல்போர்ன் போன புதுசுல இதே கதைதான் ஜோலாமே. பால் வேணுமான்னு டீச்சரம்மா கேக்கும். பிள்ளை எங்க பழக்கத்துல தலையை இப்படியும் அப்படியும் ஆட்டும். அது வேணாம்னு சொல்லுதுன்னு டீச்சரம்மா டம்ளரைத் தூக்கிட்டுப் போயிரும். ஒரு மாசம் பிள்ளைக்குப் பால் இல்லே” என்றார். பெஞ்சே சிரித்தது. அவர் சிரிக்காமல் என்னைப் பார்த்து, “சரி, நீங்க போன்ல கேக்குறது உங்க பேத்திக்குப் புரியுதா?” என்று கேட்டார். நான் பதில் சொன்னேன். “காதுல விழுந்துச்சா? புரியுதான்னு கேட்டேன்” என்றார். மறுபடியும் சொன்னேன். மூன்றாவது தடவை கேட்டபோது எனக்குக் கோபமே வந்துவிட்டது. “வாயைத் திறந்து சொல்லுமய்யா!” என்றார். செடாரெகி பெஞ்சிலிருந்து கீழே விழுந்தான். “மச்சான், உன்னையும் அந்தக் கிளாஸ்லயே உக்கார வச்சிருவாங்க!” என்று தரையில் கிடந்தபடியே கத்துகிறான். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. மூன்று தடவையும் நான் நம் வழக்கப்படி ஆமாம் என்று இரண்டு புருவத்தையும் தூக்கினேன், அவ்வளவுதான். வாய் அசையவே இல்லை. முனிரத்தினம் பிறந்து வளர்ந்ததும் இந்தத் தெருவில்தான், வேண்டுமென்றேதான் கேட்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார்த்தேன். போன் திரையில் முகத்தைப் பார்த்தபடி சாப்பிட்டாயா என்று வினியானாவைக் கேட்டேன், குளிருகிறதா என்று கேட்டேன், புது ஷூ கடிக்கிறதா, அப்பா வேலைக்குப் போயிருக்கிறாரா என்று கேட்டேன். நான்கு கேள்விக்கும் எனக்குப் பதில் கிடைத்தது. குரல் ஒன்றுகூட வரவில்லை, அது எனக்குத் தெரியவும் இல்லை. உனக்கும் தெரிந்திருக்காது, நீ என் மகள்தானே. ஆனால் அந்த டீச்சருக்கு ஒரு பிள்ளை தன்னை உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் தெரிந்திருக்கும்.

நான் எடை போடாமல் எதையும் வாங்குகிறவன் இல்லை. செவ்வாய்க்கிழமை கடைக்கு வந்தவர்களிடம் ஆமாம் என்று சொல்லக்கூடிய ஒரு கேள்வியைக் கேட்டுக் குறித்துக்கொண்டே வந்தேன். முப்பத்திரண்டு பேர் ஆமாம் என்றார்கள். முப்பது பேர் புருவத்தால். வாயால் மட்டும் சொன்னது இரண்டே பேர், அந்த இருவரும் பாய்மரப் படகில் வந்திறங்கிய வெள்ளைக்காரர்கள்.

இதோடு காரியம் முடிந்தது என்று நான் குதித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அம்மா சேம்புக்கிழங்கு சீவிக்கொண்டே முழுவதும் கேட்டுவிட்டு, “புருவம் ஆமான்னு சொல்லும். சட்டை என்ன கலருன்னு கேட்டா புருவம் என்னத்தைச் சொல்லும்?” என்றாள். என் புருவம்கூட எழவில்லை. பிறகு அவளே சொன்னாள், “பெரியவங்க முன்னால பேசாதே, கேட்டாலும் மெதுவாச் சொல்லுன்னு நாமதானே கெலேராவை வளத்தோம். நம்ம வீட்டுக்கு வந்தவங்களெல்லாம் எவ்வளவு அடக்கமான பொண்ணுன்னு சொன்னாங்களே, அதையேதான் அவ தன் பொண்ணுக்கும் கொடுத்திருப்பா.” உண்மையைச் சொல், அப்படித்தானே? இங்கே நாம் பாராட்டி வளர்த்ததை அங்கே குறையாக எழுதியிருக்கிறார்கள். அதில் டீச்சர் மேலும் தப்பில்லை, உன் மேலும் தப்பில்லை. பள்ளிக்கூடத்தில் உரக்கச் சொல்வதுதான் டீச்சருக்கு மரியாதை, வீட்டில் வேறு, இரண்டும் சரிதான் என்று குழந்தையை மடியில் வைத்து நீ சொல். பிள்ளைகள் இரண்டு சட்டம் இருந்தால் இரண்டையும் பிடித்துக்கொள்ளும், பெரியவர்களுக்குத்தான் ஒன்றே கனம்.

அம்மா இன்னொன்றும் சொல்லச் சொன்னாள், அது என் கண்டுபிடிப்பைவிட முக்கியம். காதைப் பரிசோதிக்கச் சொன்னால் தட்டாமல் பரிசோதித்துவிடு. வாசனையை மட்டும் நம்பி நான் ஒரு தடவை ஈரக் கவா மூட்டை முப்பது வாங்கிப் பூஞ்சை பிடித்துக் கடலில் கொட்டினேன். எனக்குத் தோன்றுகிறது என்பது வேறு, தெரியும் என்பது வேறு. செவ்வாய்க்கிழமை டீச்சரிடம் சண்டைக்குப் போகாதே. உங்கள் முன்னாலேயே ஆமாம் இல்லை என்று சொல்லக்கூடிய பத்துக் கேள்வி கேட்கச் சொல், கேட்கும்போது பிள்ளையின் மூக்குக்கு மேலே பார்க்கச் சொல். நீ தனியாகப் போகாதே. மாப்பிள்ளை அன்றைக்கு இறைச்சி ஆலைக்கு லீவு போடட்டும், அவர் பேசட்டும், நீ குழந்தையின் முகத்தையே பார்.

அந்தக் காப்பிக் கூட்டத்துப் பெண்ணின் பேரில் எனக்குக் கோபமில்லை. நீ அழுதபோது உன் கையைப் பிடித்துக்கொண்டாள் என்றாயே, அதற்கு அவள் நன்றாயிருக்க வேண்டும். ஆனால் அவள் வீட்டில் எத்தனை மொழி என்று கேட்டாயா? ஒன்றே ஒன்று என்றால், தான் விற்காத சரக்குக்கு விலை சொல்கிறாள். அந்த வட்டத்திலேயே இரண்டு மொழியில் பிள்ளை வளர்த்த ஒருத்தி இருப்பாள், மூலையில் பேசாமல் உட்கார்ந்திருப்பாள், அவள் பக்கத்தில் போய் உட்கார். இங்கே முனிரத்தினத்தின் பேரன்கள் மூன்று மொழியில் சண்டை போடுகிறார்கள், எந்த மொழியிலும் குழம்பியதாகத் தெரியவில்லை.

இதில் எனக்குச் சுயநலம் உண்டு, மறைக்கமாட்டேன். நீ இங்கிலீஷ் மட்டும் என்று போனில் சொன்னவுடன் நான் சத்தம் போட்டது பிள்ளையின் படிப்புக்காக இல்லை. நான்காம் வகுப்போடு நின்றவன் நான். எத்தனை கிலோ, ஈரமா காய்ந்ததா, நாளைக்கு வா, இதைத் தாண்டி என் இங்கிலீஷ் போகாது. அதை வைத்துக்கொண்டு ஒரு குழந்தையோடு என்ன பேசுவேன்? நீ இருக்கும் ஊரும் தூரம், பேச்சும் தூரமானால் நான் போனில் தெரிகிற ஒரு கிழவன், அவ்வளவுதான்.

ஆனாலும் பெற்றவள் நீ, பக்கத்தில் இருந்து பார்க்கிறவளும் நீ, முடிவு உன்னுடையது. டாக்டரே இங்கிலீஷ் மட்டும் போதும் என்று சொல்லி, நீயும் அப்படியே செய்தாலும் நான் வருத்தப்பட்டு உட்காரப்போவதில்லை. முனிரத்தினத்தின் மருமகள் பள்ளிக்கூட டீச்சர், கடை அடைத்த பிறகு அரை மணி நேரம் எனக்கு இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன் என்றிருக்கிறாள். நேற்று முதல் பாடம். கனவில் பயந்தாயா, உன் சிநேகிதி பெயர் என்ன, இன்னொரு கதை சொல்லட்டுமா. இந்த மூன்றுக்கும் நாக்கு புரளவில்லை. எந்த மொழியில் ஆனாலும் என் பேத்தியை நான் விடமாட்டேன். ஆனால் எனக்கு அறுபத்திமூன்று வயது, அவளுக்கு ஐந்து. புதிதாக ஒரு மொழியை யார் சீக்கிரம் பிடிப்பார்கள் என்று நீயே யோசித்துப் பார்.

உன் வீட்டில் அடுப்பும் சிரிப்பும் அணையாமல் இருக்கட்டும், நீங்கள் மூவரும் திடமாக இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் தினமும் ஜெபிக்கிறோம். குழந்தைக்குக் காதை மூடும் கம்பளித் தொப்பி வாங்கு. செவ்வாய்க்கிழமை கூட்டம் முடிந்ததும், நல்லதோ கெட்டதோ, முதலில் எனக்குச் சொல்.

உன் அப்பா
ஜோலாமே