கிணற்றுத் தண்ணீருக்கு நீ கொடுத்த அனுமதி

காருக்குள் இன்னும் சன் கிரீம் வாசம் இருக்கிறது. சுகந்தியும் மாலினியும் நேற்றுக் காலையிலிருந்து மாலை வரை அதைப் பூசிக்கொண்டே இருந்தார்கள். நாம் நால்வரும் பல்கலைக்கழக விடுதியில் ஒரே அறையில் இருந்த நாட்களில் அவர்கள் கொழும்புப் பிள்ளைகள். இப்போது லண்டன்காரர்கள். நம் யாழ்ப்பாண வெயில் அவர்களுக்கு எப்போதுமே வெளிநாட்டு வெயில்தான்.

முந்திய தடவை அவர்கள் வந்தபோது வழிகாட்டி நீ. நான் சாரதி மட்டும். கோட்டை, நிலாவரைக் கிணறு, கீரிமலைக் கேணி என்று கூட்டிப்போனாய். நிலாவரையில், "உதுக்கு அடியே இல்லையெண்டுதான் சொல்லுறவை, இறங்கிப் பாத்துச் சொல்லுங்கோவன்" என்றாய். நீயே அன்றுதான் அதை முதன்முதலாகப் பார்த்தாய் என்பது எனக்குத் தெரியும்.

கீரிமலையிலிருந்து திரும்பும்போது, "இதாலை விடு" என்றாய். அந்தக் குறுகலான ஒழுங்கைப் பாதை எனக்குத் தெரிந்ததுதான். இராணுவம் பிடித்து வைத்திருந்த காணிகளை விட்ட புதிதில் உன்னை அதன் முகப்பு வரை கொண்டுவந்திருந்தேன். நீ காரைவிட்டு இறங்கவில்லை. "திருப்பு" என்று மட்டும் சொன்னாய். பதின்மூன்று வயதில் நீ விட்டுப்போன வீடு அங்கே இருந்தது. மற்ற இருவருக்கும் உன்னைக் கொக்குவில்காரியாக மட்டுமே தெரியும்.

அவர்களோடு போன அன்று முதலில் இறங்கியது நீ.

கூரை இல்லை, யன்னல் நிலைகள் இல்லை. குசினிக்குள், அடுப்பு இருந்த இடத்தில் ஒரு வேம்பு வளர்ந்திருந்தது. "இது யார்ட வீடு?" என்று சுகந்தி கேட்டாள்.

"ஆரோ ஆக்களின்ரை. அவையள் வெளிநாட்டிலை போலை" என்றாய். பிறகு இருவரையும் வாசற்படியில் இருத்திப் படம் எடுத்தாய். "மாட்டுச் சாணி கிடக்கு, சீலையைத் தூக்கிப் பிடி" என்று மாலினிக்குச் சொன்னபோது உன் குரலில் எந்த மாற்றமும் இல்லை. நான் உன்னைப் பார்க்காமல் வேம்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் அந்த ஐயா சைக்கிளை நிறுத்தினார்.

"எவடம் பிள்ளையள்?"

"கொழும்பு, ஐயா. சும்மா சுத்திப் பாக்க வந்தனாங்கள்" என்றாய்.

அவர் உன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "உந்த வீட்டுக்காரரை எங்கையும் கண்டால் சொல்லுங்கோ. கிணத்திலை நான்தான் தோட்டத்துக்குத் தண்ணி அள்ளுறனான். கேக்க ஆளில்லை. கோவிக்க வேண்டாமெண்டு."

"அதுக்கென்ன, அள்ளுங்கோ. அவையள் ஒண்டும் சொல்லாயினம்."

கொழும்பிலிருந்து வந்தவள் சொல்லக்கூடிய பதில் அல்ல அது. "சொல்றதுக்கு நீ யார்?" என்று மாலினி சிரித்தாள். ஐயா சிரிக்கவில்லை. "அப்ப சரி, பிள்ளை" என்று சைக்கிளில் ஏறினார்.

பின்னேரம் கொக்குவிலில் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவும்போது நீயாகவே சொன்னாய்: "வீட்டுக்காரியாய்ப் போனால் அழவேணும். இப்பிடிப் போனால் பாக்கலாம்." நான் அதை முழுதாக நம்பவில்லை. அப்படியும் பார்த்துவிட முடியுமா என்று கேட்க நினைத்தேன். ஆனால் துடைக்கும்படி கோப்பைகளை என் பக்கம் தள்ளினாய். துடைத்தேன். அடுத்த வருடம் நீ இறந்துபோனாய். கேள்வி அப்படியே இருக்கிறது.

நேற்று, போன தடவை படம் எடுத்த அந்த உடைந்த வீட்டுக்குப் போகலாமா என்று சுகந்திதான் கேட்டாள். மறுக்கக் காரணம் தேடினேன். கிடைக்கவில்லை. ஒரு பக்கச் சுவர் விழுந்திருக்கிறது. ஐயாவைக் காணவில்லை. அடுத்த காணியில் வெங்காயப் பாத்திகளுக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. உன் கிணற்றிலிருந்து நீலக் குழாய் ஒன்று அங்கே போகிறது.

மாலினி அன்றைக்குப் போலவே படியில் இருந்தாள். உன்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள், நீ இருந்தால் இந்நேரம் என்ன சொல்லியிருப்பாய் என்று. பிறகு அவள் சுவரைப் பார்த்து, "பாவம், இந்த வீட்டு ஆக்கள் இன்னும் வந்து பாக்கவே இல்லையா?" என்றாள்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். சொல்லியிருந்தால் இரண்டு பேரும் அழுதிருப்பார்கள், உன் வாசலிலேயே.

"ஒருக்கா வந்தவை" என்றேன். "வடிவாப் பாத்திட்டுத்தான் போனவை."