மேலே ஒரு போல்ட்டும் கூடாது

ஜூலை 9, புதன்

ரெசின் பசை இன்னும் காயவில்லை. நேற்றுக் காலையில் பூசியது. இந்தச் சின்னக்கானல் பனியில் துவைத்த துணியே காய்வதில்லை, ரெசின் மட்டும் எனக்காகக் காய்ந்துவிடுமா?

வேலை என்னவென்று எழுதி வைக்கிறேன். மண்டையில் நிற்கமாட்டேன் என்கிறது. காரின் முன்சக்கரம் இரண்டுக்கும் மேலே வளைந்து உட்காரும் மட்கார்டு. ஃபைபர், பச்சை நிறம். மேலிருந்து துளை போட்டு போல்ட்டு முடுக்கினால் அரை நாள் வேலை. மிக்கேல் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார். சின்ன இரும்புத் தட்டில் போல்ட்டை நிறுத்திப் பற்றவைத்து, அந்தத் தட்டை மட்கார்டின் அடிப்பக்கம் ஃபைபர் துணியும் ரெசினும் வைத்து ஒட்ட வேண்டும். இறுகிய பிறகு அந்த போல்ட்டைச் சக்கரத்துக்கு மேலே இருக்கும் இரும்புத் தாங்கியில் நுழைத்து, கீழே இருந்து நட்டு போட வேண்டும். மேலே பார்த்தால் வழவழவென்று பச்சை மட்டும்தான் இருக்க வேண்டும்.

“இருவது வருசமா ஜீப்புல போல்ட்டுத் தலையவே பாத்தாச்சு. என் வண்டியில மேல ஒரு போல்ட்டும் கூடாது” என்கிறார்.

சொல்வது அவர். செய்வது நான். கல்யாணத்துக்கு முன்பே யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்.

ஜூலை 10, வியாழன்

இன்றும் பிசுபிசுப்பு. விரலை வைத்தால் விரலோடு வருகிறது. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

இன்று நானும் மாதா கோவிலில். கல்யாணமான நாளிலிருந்து அவர் அங்கே, நான் எங்கள் சபையில். முடிந்ததும் டீக்கடை முன்னால் சந்திப்போம், யாருடைய சாமியார் அதிக நேரம் பேசினார் என்று சண்டை போடுவோம். இப்போது அவருக்குப் படி இறங்கக் கை வேண்டும். கையைப் பிடித்திருக்கிறேன் என்று யாருக்கும் தோன்றாதபடி, இந்த வயதில் புருஷனைக் கொஞ்சிக்கொண்டு நடக்கிறவள் மாதிரி நடந்தேன். இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

கொழுக்குமலைக்கு ஜீப்பில் டூரிஸ்டுகளை ஏற்றிப்போன மனுஷன். அந்தக் கல்லுப் பாதையில் இருட்டோடு ஏறி, சூரியன் வரும் நேரத்துக்கு உச்சியில் கொண்டுபோய் நிறுத்துவார். போன வருஷம் லைசென்ஸ் புதுப்பிக்கப் போன இடத்தில்தான் கண் பிடிபட்டது. கண்ணில் அழுத்தமாம். ஓரமெல்லாம் ஏற்கெனவே போய்விட்டது, குழாய் வழியாகப் பார்ப்பது மாதிரி நடுவில் மட்டும் மிச்சம். போனது திரும்பாது, இருப்பதைக் கொஞ்ச நாள் காப்பாற்றப் பார்க்கலாம் என்று மதுரை டாக்டர் சொன்னார். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு? கேட்டேன். அவர் மேஜையைப் பார்த்தார்.

கார் அதற்கு முன்பே கோயம்புத்தூரிலிருந்து பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. ஜாமானை நாமே கோத்து உண்டாக்கும் வண்டி. சட்டம், எஞ்சின், பின் மட்கார்டு எல்லாம் அவரே மாட்டினார், பார்வை இருந்தபோது. முன்னால் மட்டும் சக்கரம் மொட்டையாக நிற்கிறது. ரோட்டில் ஓட்ட ஆர்.டி.ஓ. விடமாட்டார் என்பது அவருக்கும் தெரியும். “ஓட்டவெல்லாம் வேணாம் பெர்சி. முழுசா நிக்கிறத ஒரு தடவ கண்ணால பாத்துட்டாப் போதும்.”

அந்த ஒரு தடவைக்காகத்தான் இவ்வளவும்.

ஆகஸ்ட் 6, புதன்

ஒரு வழி தோன்றியிருக்கிறது. நான் வேலை பார்க்கும் ஏலக்காய் ஸ்டோர். காய் உலர்த்தும் அறையில் ராப்பகலாக அனல். இந்த மலையில் ஈரம் இல்லாத இடம் அது ஒன்றுதான். மேற்பார்வை மதலேனம்மாளிடம் கேட்டேன். கார் மட்கார்டா என்று இரண்டு தடவை கேட்டார். அப்புறம், மூலையில் வை, முதலாளி வந்தால் உன் வீட்டுப் பாத்திரம் என்று சொல்லிவிடுகிறேன் என்றார். இவ்வளவு பெரிய பாத்திரத்தில் யாருக்குச் சோறு?

அடிப்பக்கத்தை வீட்டிலேயே உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டேன். இரண்டு நாள் அறையில் கிடந்து ஈரமெல்லாம் போகட்டும். வெள்ளிக்கிழமை அங்கேயே வைத்து ஒட்டிவிடலாம்.

ஆகஸ்ட் 9, சனி

இறுகிவிட்டது. கல்! சுத்தியலால் தட்டிப் பார்த்தேன், டங்கென்றது. அனலில் என் முகம் வெந்து சிவந்துவிட்டது. வீட்டுக்கு வந்து மிக்கேலிடம் சொன்னேன். தாடையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து.

நாளை மாட்டுகிறோம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மாட்டினோம். இரண்டு பக்கமும். அவர் அடியில் படுத்துத் தடவித் தடவியே நட்டு முடுக்கினார். எழுந்து வந்து பார்க்கச் சொன்னேன். வேண்டாம், முதலில் எஞ்சினைப் போடு, அதிர்வைத் தாங்குதா என்று தெரிய வேண்டும், அப்புறம்தான் பார்ப்பேன் என்றார்.

எஞ்சினைப் போட்டேன். வலது மட்கார்டு நடுங்கியது. பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்து சக்கரத்தின் மேல் உட்கார்ந்தது. சத்தம்கூட இல்லை. இடதும் அப்படியே.

தட்டு கொஞ்சமும் ஒட்டாமல், தோசைக்கல்லிலிருந்து தோசை வருவது மாதிரி கழன்று வந்திருந்தது. மிக்கேல் அதை வாங்கி விரலால் தடவினார். மூக்கருகே கொண்டுபோனார்.

“ஏலக்கா” என்றார்.

உலர்த்தும் அறையில் காயின் எண்ணெய் ஆவியாக ஏறி எல்லாவற்றின் மேலும் படியும். என் தலைமுடியில், சேலையில், மதியச் சோற்றில். இரண்டு நாள் அங்கே கிடந்த மட்கார்டில் படியாமல் இருக்குமா? ஒட்டும் முன் தின்னர் போட்டு மறுபடி துடைத்திருக்க வேண்டும். அதிலேயே ஊறிக் கிடக்கும் எனக்கு அந்த வாசம் ஒரு வாசமாகவே படவில்லை.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

என்னால முடியல. என்னத்துக்கு இந்த வண்டி? ஒரு மட்கார்டு, கர்த்தாவே, ஒரு மட்கார்டு. மலையைப் பெயர்க்கவா கேட்டேன்? ஸ்டோரில் இன்று முழுக்க அந்த வாசம் மட்டும்தான் வந்தது.

ஆகஸ்ட் 27, புதன்

மதுரை போய் வந்தோம். போடி மெட்டு வளைவுகளில் எப்போதும் டிரைவர் செய்யும் தப்புகளை முணுமுணுத்துக்கொண்டே வருவார். இந்தத் தடவை பேசாமல் வந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன்.

டாக்டர் அவரை மட்டும் உள்ளே வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். வெளியே வந்ததும் என்ன சொன்னார் என்று கேட்டேன். “அப்படியேதான் இருக்காம். சொட்டு மருந்த மாத்தாம விடச் சொன்னாரு.” அப்படியே இருப்பது நல்ல சேதிதானே? நல்ல சேதியென்று நினைத்துக்கொள்கிறேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

மூன்றாவது தடவை. தின்னர் போட்டுத் துடைத்தேன், இரண்டு தடவை துடைத்தேன். வீட்டுக் குளிருக்குக் காயாது என்று பயந்து ரெசினை இறுக வைக்கும் ஹார்டனரை அளவுக்கு மேல் ஊற்றிவிட்டேன். ரெசின் கொதித்துப் புகைந்தது. தட்டு நன்றாகத்தான் பிடித்துக்கொண்டது, ஆனால் அந்தச் சூட்டில் மேலே பச்சையில் தட்டின் வடிவம் அப்படியே தழும்பாக எழுந்துவிட்டது. இதற்கு போல்ட்டே தேவலை.

அவரிடம் சொல்லவில்லை. நன்றாகப் போகிறது என்றேன். டீயை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். ரூமில் வெளிச்சம் போதவில்லை என்றார். லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. தழும்பை எப்படி மறைப்பது என்பதிலேயே இருந்தேன், பெரிதாக யோசிக்கவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

மிக்கேலின் தம்பி ஜோமோன் டிரில் மெஷினோடு வந்தான். அவன் ஆரம்பத்திலிருந்தே ஒரே பாட்டு. இன்று அவர் உள்ளே படுத்திருந்தபோது ஷெட்டில் வைத்துச் சொன்னான்.

“மதினி, அண்ணனுக்குப் பார்வை இருக்கும்போதே முழுசாக் காட்டிருங்க. போல்ட்டு தெரிஞ்சா என்ன, தலையா போயிரும்?”

அவன் சொல்வதும் நியாயம்தான். நாள் போய்க்கொண்டே இருக்கிறது. ஒட்டியிருந்த தட்டையெல்லாம் சுழல்கல் மெஷின் வைத்து அறுத்து எடுத்தோம். தேய்த்துத் தழும்பை ஒரு மாதிரி மட்டமாக்கினேன். பிறகு அவன் மேலிருந்து துளை போட, நான் முடுக்கினேன். பக்கத்துக்கு நாலு போல்ட்டு. புது ஸ்டீல், வாஷரோடு. முகத்தில் பரு வந்த மாதிரி இருக்கிறது. ஆனால் அசையவில்லை.

தோற்றுப்போய்விட்டேன் என்று காலையில் நானே சொல்லிவிடுவேன். கத்தட்டும். கத்தி முடித்துவிட்டு ஒரு தடவை பார்த்துக்கொள்ளட்டும்.

செப்டம்பர் 15, திங்கள்

காலையில் அதிசயமாக வெயில். காரைத் தள்ளி முற்றத்தில் நிறுத்தினேன். சேலையால் துடைத்தேன். துடைக்கத் துடைக்க போல்ட்டுத் தலைதான் கூடுதலாகப் பளபளத்தது. சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு அவரைக் கூட்டிவந்தேன். சக்கரத்துக்கு ஓரடி தள்ளி நிறுத்தினேன்.

அவர் பார்த்தார். கொஞ்சம் குனிந்து, தலையைச் சாய்த்து, ஜீப் வாங்கப் போகிற இடத்தில் பார்ப்பாரே, அப்படி. ரொம்ப நேரம் பார்த்தார். நான் வாயைத் திறக்கும் முன் அவர் பேசினார்.

“சுத்தமா இருக்கு பெர்சி. மேல ஒரு போல்ட்டும் இல்ல. நெனச்ச மாதிரியே செஞ்சு முடிச்சிட்ட.”

கேலி செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. சிரித்த முகம். கண் சக்கரத்தின் பக்கம் இருந்தது, ஆனால் மட்கார்டைத் தாண்டி எங்கேயோ. வெயில் பட்டு அந்த எட்டுத் தலைகளும் என் கண்ணையே கூசச் செய்துகொண்டிருந்தன.

எப்போதிலிருந்து? மதுரைக்குப் போன அன்றேவா? அப்படியேதான் இருக்காம் என்றாரே. அந்த போடி மெட்டு வளைவுகளில் பேசாமல் வந்தாரே. எனக்காகத்தான் பார்க்கிறவர் மாதிரி இருந்தாரா இத்தனை நாளும்?

“ஆமாங்க” என்றேன். “ரொம்ப அழகா வந்திருக்கு.”

அப்போது கையை நீட்டினார், தடவிப் பார்க்க. பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“ரெசின் இன்னும் காயல. இப்பத் தொடக் கூடாது.”

“எத்தன நாளாகும்?”

“ரெண்டு வாரமாவது.”

“சரி. காயட்டும்” என்றார். கையை இழுத்துக்கொள்ளவில்லை. நாங்கள் அப்படியே நின்றோம், பனி இறங்கி வரும் வரை. அவர் அழவில்லை. நான் அழுதேன், சத்தம் வராமல்.

அவர் பார்க்க வேண்டும் என்று ஓடினேன், பிந்திவிட்டேன். அவ்வளவுதான். அதை எப்படி எழுதினாலும் அதுதான்.

சாயங்காலம் ஸ்பேனரை எடுத்து எட்டு போல்ட்டையும் கழற்றினேன். துளைகளை அடைத்துத் தேய்க்க வேண்டும், அடியில் மறுபடி தட்டு ஒட்ட வேண்டும், ஹார்டனரை அளந்து ஊற்ற வேண்டும். இனி அவர் கையால்தான் பார்ப்பார். நட்டைத் தடவியே முடுக்குகிற கை, ஒரு மணல் அளவு மேடு இருந்தாலும் கண்டுபிடித்துவிடும். நாளை மதலேனம்மாளிடம் லீவு கேட்க வேண்டும்.