இரண்டு படி கீழே

அன்புள்ள மகனுக்கு,

நீயும் மருமகளும் குழந்தையும் நலமாக இருக்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் இதற்குள் நீயே கூப்பிட்டிருப்பாய். இங்கே என் முழங்கால் வழக்கம்போல் முரண்டு பிடிக்கிறது, உன் அப்பாவும் அப்படியே, மற்றபடி சௌக்கியம். இவற்றை ஒரே மூச்சில் முடித்துவிட்டேன், ஏனென்றால் நேற்று மாலையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உன் தங்கையின் இசை வகுப்பு பிழைத்துவிட்டது. பிழைத்த விதத்தைத் தொலைபேசியில் சொன்னால் நடுநடுவே "சரிம்மா, சரிம்மா" என்பாய், ஆகவே எழுதுகிறேன்.

பாதிக் கதை உனக்குத் தெரியும். நம் மாடியில் அவள் கீபோர்டும் வயலினும் கிட்டாரும் சொல்லித் தருகிறாள் அல்லவா, இந்த ஆண்டு தொடக்கத்திலிருந்து பாடவேளையில் பாதியை வாத்தியத்தைத் தொடவிடாமல் நடத்தினாள். மாடிப்படி ஒவ்வொன்றிலும் சாக்கட்டியால் ஒரு ஸ்வரத்தின் பெயரை எழுதினாள். பிள்ளைகள் ஒரு பாட்டைப் பாடிக்கொண்டே அதற்கேற்ப ஏறி இறங்க வேண்டும், சில இடங்களில் ஒரு படி, சில இடங்களில் இரண்டு மூன்று தாண்டல். அது பழகியதும் வேறொரு படியில் நின்று அதே தாண்டல்களைத் தாண்ட வேண்டும். பாட்டு மாறாது, உயரம்தான் மாறும். இயற்பியல் படித்தவள் என்ற முறையில் எனக்கு இது மிகவும் பிடித்தது. படியைக் கழுவுகிறவள் என்ற முறையில் பிடிக்கவில்லை. பெற்றோருக்கோ எந்த முறையிலும் பிடிக்கவில்லை. "டீச்சர், நாங்க கிட்டார் கத்துக்க அனுப்புறோம், நீங்க படி ஏற விடுறீங்க. படி எங்க வீட்லயும் இருக்கு" என்றார் மின்சாதனக் கடைக்காரர். "தியரியெல்லாம் பெரிசானப்புறம் பாத்துக்கலாமே" என்றார் பல் மருத்துவர், பல்லுக்கு மட்டும் அப்படிச் சொல்ல மாட்டார். அடுத்த தெருவில் "மாதம் ஒரு பாட்டு, உத்தரவாதம்" என்று பலகை மாட்டி ஒருவர் புதிதாகக் கடை விரித்திருக்கிறார். ஆண்டு நிகழ்ச்சி சொதப்பினால் பாதிப் பேர் அங்கே போய்விடுவோம் என்று எல்லாரும் கூட்டமாக வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். பாதிப் பேர் போனால் வகுப்பை மூடிவிட்டு அவள் பழையபடி காப்பீட்டு அலுவலகத்துக்கே போக வேண்டியதுதான். நீ அவளுக்குத் தந்த யோசனையும் என் காதுக்கு வந்தது: "கேக்குறவங்களுக்கு வேணுங்கிறதக் குடுத்துட்டுப் போயேன்." நீ மூன்று வருடம் கிட்டார் கற்றவன். உனக்கு வந்தது ஒரே பாட்டு. அதிலும் நடுவில் யாராவது கதவைத் தட்டினால் முதலிலிருந்துதான் தொடங்குவாய். எனவே அவள் உன் பேச்சைக் கேட்காததில் எனக்கு வியப்பில்லை.

நேற்றைய ஆண்டு நிகழ்ச்சிக்கு ஒலிபெருக்கி ஏற்பாடு மின்சாதனக் கடைக்காரருடையது. தன் மகனின் கிட்டார் கடைசி வரிசை வரை கேட்க வேண்டுமென்று அவன் முகத்துக்கு நேராகவே ஒரு மைக்கை நிறுத்திவைத்தார். அந்தப் பையனை எல்லாரும் கப்சிப் என்றுதான் கூப்பிடுவார்கள், பாடுவதற்குத் தவிர வகுப்பில் அவன் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை. கீபோர்டில் தையல்காரரின் மகள், அவளுக்குப் பட்டப்பெயர் வானொலி, காரணம் சொல்ல வேண்டியதில்லை. உன் அப்பா முன்வரிசையில் உட்கார்ந்து, முன்னெச்சரிக்கையாகக் காதுக் கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எல்லாம் ஒழுங்காகப் போய்க் கடைசிப் பாட்டு வந்தது. பல் மருத்துவரின் மகள் முதல் இரண்டு அடிகளைத் தனியாகப் பாட வேண்டும், பிறகு வாத்தியங்கள் சேர வேண்டும். அவளுக்குக் காலையிலிருந்தே தொண்டை கட்டியிருந்திருக்கிறது, பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. மேலே எட்டாது என்று தெரிந்து, பாவம், தானாகவே தாழ்வாக எடுத்துவிட்டாள். வாத்தியங்களோ பழகிய இடத்திலேயே வந்து சேர்ந்தன. இரண்டு பேருந்துகள் ஒரே நேரத்தில் பிரேக் போட்டது போல ஒரு சத்தம். உன் தங்கை திரையோரம் வெளுத்துப்போய் நின்றாள். கடைக்காரர் எழுந்து, "நான் அப்பவே சொன்னேன்ல" என்று தொடங்கினார், அவர் முடிப்பதற்குள் அவருடைய மைக்கிலேயே அவர் மகன் குரல் அரங்கம் முழுவதும் அதிர்ந்தது: "ஏய், அவ ரெண்டு படி கீழ நிக்கிறா, எல்லாரும் எறங்குங்க!" உடனே வானொலி, "தெரியுது, கத்தாத! மொதல்ல நீ எறங்கு!" என்றாள். அரங்கமே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் இறங்கிவிட்டார்கள்! முதலில் கீபோர்டு, அதன் பின்னால் கிட்டார். வயலின்காரி ஒருத்தி ஒரு படி கூடுதலாக இறங்கி, முகத்தைச் சுளித்துத் திரும்ப ஏறினாள். இரண்டாம் சரணத்தில் எல்லாரும் பாடுகிறவளோடு ஒன்றாக நின்றார்கள். யாரும் நிறுத்தவில்லை, யாரும் முதலிலிருந்து தொடங்கவில்லை. உன் அப்பா கருவியை எடுத்து மாட்டிக்கொண்டார். நான் எழுந்து நின்று கை தட்டினேன், முழங்கால் இருப்பதே நினைவில்லை. அம்மா அழுதாள் என்று உன் தங்கை சொல்வாள், நம்பாதே.

இன்று காலை கடைக்காரர் மகனோடு வந்தார். நான் சண்டைக்குத் தயாராக வாசலில் நின்றேன். "பையன் வீட்லகூட இவ்ளோ சத்தமாப் பேசினதில்லம்மா" என்றார், அது புகாரா பெருமையா என்று அவருக்கே தெரியவில்லை. பிறகு மாடிப்படியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுல எந்தப் படியில ஆரம்பிக்கணும்டா?" என்று மகனிடம் கேட்டார். "எதுல வேணா ஆரம்பிங்கப்பா, தாண்டுறதுதான் சரியா இருக்கணும்" என்றான் கப்சிப். மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாடிக்கொண்டே ஏறினார். சுருதி என்று சொல்லத்தக்க எதுவும் அதில் இல்லை. பாதியில் தவறி, "இரு இரு, இன்னொரு தடவ" என்று இறங்கினார். அடுத்த தெருவுக்கு ஒருவரும் போகவில்லை, பல் மருத்துவர் இளைய மகளையும் சேர்க்கிறாராம். கடைக்காரரின் பாதங்கள் பட்டுச் சாக்கட்டி எழுத்தெல்லாம் அழிந்துபோயிற்று. உன் தங்கை மறுபடி எழுதுகிறாள், இம்முறை பெயிண்டால். பெயிண்ட் வாங்கிவரச் சொன்னது நான்தான்.

பேத்தி பியானோ கற்கிறாள் என்று எழுதியிருந்தாய். அவளுக்கு நன்றாக வரும் பாட்டை இரண்டு படி கீழேயிருந்து வாசிக்கச் சொல்லிப் பார். வராவிட்டால் குழந்தையைத் திட்டாதே, அவள் ஆசிரியரைப் போய்ப் பார். உன் பழைய கிட்டாரை அலமாரி மேலிருந்து இறக்கி, புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன், உன்னைக் கேட்கவில்லை. மூவரும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, ஒரு குறையுமில்லாமல் இருங்கள், என் ஆசிகள் எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே: ஞாயிற்றுக்கிழமை தங்கையைக் கூப்பிடு. யோசனை எதுவும் சொல்லாதே, நிகழ்ச்சி எப்படி நடந்தது என்று மட்டும் கேள். அவள் முதலிலிருந்து சொல்வாள், நடுவில் நிறுத்தாதே.

இப்படிக்கு,
படிகளை இனிக் கழுவத் தேவையில்லாத
உன் அம்மா