அப்பா கை காட்டிய ஜன்னல்

அன்பு குட்டிம்மாவுக்கு அம்மா எழுதுவது,

நீயும் மாப்பிள்ளையும் ஒரு தும்மல்கூட இல்லாமல் சுகமாக இருக்க வேண்டும். நான் இங்கே சுகம் என்று எழுதினால் ஆஸ்பத்திரிக் கட்டிலே சிரிக்கும், இருந்தாலும் வந்தபோது இருந்ததற்கு இப்போது எவ்வளவோ தேவலை. காகிதத்தில் காசநோய்க் கிருமி ஒட்டிக்கொண்டு வராது என்று டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் தொட்டேன், மாப்பிள்ளை பயப்படாமல் படிக்கலாம். போனில் பேசினால் எனக்கு இருமல் வருகிறது, அதைக் கேட்டு நீ அழுகிறாய், நீ அழுவதைக் கேட்டு எனக்கு இன்னும் இருமல் வருகிறது, அதனால்தான் கடிதம். வீட்டை உங்கப்பா நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறாராம், எல்லாத் துணியையும் ஒன்றாகப் போட்டுத் துவைத்ததில் அவர் பனியன் அத்தனையும் ரோஸ் கலர் ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

இந்த வார்டில் ஆளுக்கொரு அறை, கதவு சாத்தியே இருக்கும், ஜன்னல் திறந்தே இருக்கும். நோயாளிகள் எல்லாருக்கும் ஒரே பச்சை அங்கி, ஒரே மாஸ்க். பஸ்ஸில் அத்தனை கூட்டத்தில் முட்டி மோதி டிக்கெட் கொடுத்தவளை இப்படி ஒண்டியாக உட்காரவைத்தால் என்ன ஆகும் சொல்லு. முதலில் கோபம் வந்தது, அப்புறம் பயம், அப்புறம் என் தட்டைக்கூடக் கையுறை போட்டு நுனிவிரலால் எடுத்துப் போகிறார்களே என்று எனக்கே என்மேல் ஒரு அருவருப்பு. மூச்சு பழையபடி திரும்புமா, மறுபடி பஸ் ஏறுவேனா என்பதுதான் ஓயாத கவலை. ஒருநாள் என்னையறியாமல் சுவரைப் பார்த்து உள்ள போங்க, படியில நிக்காதீங்க என்று சொல்லிவிட்டேன், நர்ஸ் ஜுரம் தலைக்கேறிவிட்டதென்று ஓடிவந்து தெர்மாமீட்டரை அக்குளில் செருகிவிட்டாள்.

உங்கப்பாவை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் தினமும் டூட்டி முடிந்ததும் காக்கிச் சட்டையோடு வந்து கீழே சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் நின்று மாடியைப் பார்த்துக் கை காட்டுவார், நானும் பதிலுக்கு ஆட்டு ஆட்டென்று ஆட்டுவேன். கொஞ்ச நாள் கழித்துத்தான் உறைத்தது, மனுஷன் பார்ப்பது என் ஜன்னலையே இல்லை, பக்கத்து அறை ஜன்னலை! இத்தனை வருஷம் ஒரு ஸ்டாப் தவறாமல் பஸ்ஸை நிறுத்தியவர் பெண்டாட்டி ஜன்னலைத் தாண்டிப் போய் நிறுத்தியிருக்கிறார். போனில் பிடித்துக் கேட்டேன். மாஸ்க் போட்டா எல்லாரும் ஒரே மாதிரிதானே இருக்கீங்க, நீதான் கொஞ்சம் நிறமாகி, ஒழுங்கா தலையெல்லாம் வாரியிருக்கே, ஆஸ்பத்திரி உனக்கு ஒத்துக்கிச்சுன்னு சந்தோஷப்பட்டேன் என்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் இருமலே நின்றுவிட்டது.

பக்கத்து அறையில் இருப்பது ஒரு வக்கீலம்மா. நோய் வந்ததை வெளியே சொல்ல வெட்கப்பட்டு யாருக்கும் தகவல் கொடுக்காமல், சாப்பாட்டைத் தொடாமல், சுவர்ப்பக்கம் திரும்பியே படுத்திருந்தாளாம். உங்கப்பா கை காட்ட ஆரம்பித்ததிலிருந்து எழுந்து தலைவாரி, ரொட்டி முட்டை எதையும் மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறாளாம், நர்ஸ் சொன்னாள். நோயாளிகளுக்குக் கை காட்டுவதற்கென்றே ஆஸ்பத்திரியில் ஒரு ஆளைச் சம்பளத்துக்குப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, அந்தக் காக்கிச்சட்டைக்காரர் ரொம்பப் பொறுப்பானவரு, ஒரு நாள்கூட லீவு போடல என்று வேறு புகழ்ந்திருக்கிறாள்! பொய் சொல்வானேன், எனக்குச் சேர வேண்டியதை அவள் வாங்கிக்கொண்டாளே என்று அன்றைக்கு நன்றாக அழுதேன். ஆனால் அவரை இந்தப் பக்கம் திருப்பினால் அவள் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவாளே. அதனால் ஆர்டர் போட்டுவிட்டேன், முதலில் அவள் ஜன்னலுக்கு, அளவாக, பல்லைக் காட்டாமல். அப்புறம் நம் ஜன்னலுக்கு, இதற்கு அளவு கிடையாது. மனுஷனும் அப்படியே செய்கிறார்.

போன வாரம் டாக்டர் நுரையீரல் பலப்பட எதையாவது ஊதிப் பழகச் சொன்னார். நர்ஸ் பலூன் கொடுத்தாள், எனக்கென்ன பிறந்தநாளா, பையிலிருந்து என் டூட்டி விசிலை எடுத்தேன். ஒரு விசில் என்றால் பஸ் நிற்கணும், ரெண்டு என்றால் கிளம்பணும், எங்கள் பஸ்ஸிலேயே வளர்ந்த உனக்குத் தெரியாததா. சாயங்காலம் அப்பாவைப் போகச் சொல்லி ஜன்னலில் நின்று ஊதினேன். ஒன்று வந்தது, ரெண்டாவதுக்கு வெறும் காற்றுதான் வந்தது. அவர் அப்படியே நின்றுவிட்டார். போங்க போங்க என்று கையை ஆட்டினால் அவரும் பதிலுக்குக் கையை ஆட்டுகிறார். வாட்ச்மேன் வந்து விரட்டினதுக்கு, கண்டக்டர் இன்னொரு விசில் குடுக்காம எப்படிப்பா எடுக்கறது என்று கேட்டாராம். கேட்டை இழுத்துச் சாத்தும்வரை நகரவில்லை. மறுநாளும் அதே கதை, அதற்கு மறுநாளும். நேற்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சைச் சேர்த்துச் சேர்த்து ஊதினேன், ரெண்டும் வந்துவிட்டது குட்டிம்மா. வக்கீலம்மா அந்த ஜன்னலிலிருந்து கை தட்டுகிறாள். உங்கப்பா மட்டும் கிளம்பவே இல்லை, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ரெண்டு விசில் கொடுத்தும் வண்டியை எடுக்காமல் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார். போனில் கேட்டால் மழைத்தண்ணி என்கிறார், இங்கே மழை பெய்து மாசக்கணக்காகிறது.

நீ லீவுக்கு அலையாதே, நான் வீட்டுக்குப் போன பிறகு நிதானமாக வா. உங்கள் இரண்டு பேருக்கும் என் ஆசீர்வாதம், மூச்சு முட்டச் சிரித்துக்கொண்டு நீண்ட காலம் வாழுங்கள். மாப்பிள்ளைக்கு இருமல் என்று சொன்னாயே, அது இன்னும் இருந்தால் சாக்குப்போக்குச் சொல்லவிடாமல் உடனே டாக்டரிடம் கூட்டிப்போ, மறக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பாவின் கண்டக்டர்,
உன் அம்மா